தைராய்டு குறைவும் இதயமும்: 'ஆன்டிஆக்ஸிடன்ட் மரபணு பேனல்' வாங்குவதற்கு முன்

தைராய்டு குறைவு இருப்பவர்களைக் குறிவைத்து விற்கப்படும் மரபணு பரிசோதனைகள் பல. எச்சிலைக் குழாயில் சேகரித்து அனுப்பினால், உடலின் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகள் (செல்களைச் சேதப்படுத்தும் வீரிய ஆக்ஸிஜன் பொருள்களை அடக்குபவை) எவ்வளவு வலுவானவை, இதய நோய் அபாயம் எந்த அளவு, என்ன மாத்திரை சாப்பிடலாம் என்றெல்லாம் ஒரு ரிப்போர்ட் வரும். இந்த மதிப்புரை ஒரு தனி நிறுவனத்தைப் பற்றியதல்ல. இவ்வகைப் பேனல்கள் (பல மரபணுக்களை ஒன்றாகச் சோதிக்கும் தொகுப்புகள்) ஏறக்குறைய ஒரே வார்ப்பில் செய்யப்படுவதால், அந்த வார்ப்பையே எடுத்துப் பார்க்கிறோம்: எச்சில் கிட், மரபணு முடிவுகள், அபாய மதிப்பெண், மாத்திரைப் பரிந்துரை என்று நான்கு பகுதிகள்.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். கிட் நன்றாகவே வேலை செய்கிறது. மரபணு முடிவுகள், படிக்கத் தெரிந்தவருக்கு ஓரளவு பயன்படும். அபாய மதிப்பெண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மாத்திரைப் பரிந்துரை சிலருக்குத் தீங்கே செய்யும்.

அடிப்படை யோசனையில் அர்த்தம் இருக்கிறது

இந்தப் பேனல்களை மொத்தமாக ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. தைராய்டு சுரப்பி தன் வேலைக்காகத் தானே ஹைட்ரஜன் பெராக்ஸைடு தயாரிக்கும் உறுப்பு. டியூஆக்ஸ்2 என்ற நொதி அதைத் தயாரிக்கிறது. அதைக் கொண்டுதான் தைராய்டு பெராக்ஸிடேஸ் நொதி அயோடினைப் புரதத்தில் ஏற்றுகிறது. வேலை முடிந்து மிஞ்சும் பெராக்ஸைடைக் குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள் தண்ணீராக மாற்றியாக வேண்டும். உடலில் கிராமுக்குக் கிராம் கணக்கிட்டால் செலினியம் மிக அதிகமாக இருக்கும் உறுப்பு தைராய்டுதான். குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸுக்கும், தைராய்டு ஹார்மோனை டி4 (தைராக்ஸின்) வடிவிலிருந்து வீரியமான டி3 வடிவுக்கு மாற்றும் டியோடினேஸ் நொதிகளுக்கும் செலினியம் இல்லாமல் முடியாது.

இதயத்தின் பக்கம் வந்தால் கதை இன்னும் தெளிவு. 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து எடுக்கும் ஏற்பிகளின் உற்பத்தியைக் கல்லீரலில் டி3 ஹார்மோன் தூண்டுகிறது. ஹார்மோன் குறையும்போது ஏற்பிகள் குறையும். எல்டிஎல் ரத்தத்திலேயே அதிக நேரம் சுற்றும். சுற்றும் நேரம் கூடக்கூட ஆக்ஸிஜனேற்றம் அடையும் வாய்ப்பும் கூடும். அப்படி ஆக்ஸிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்தான் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குள் புகுந்து கொழுப்புப் படிவாகிறது. அதைத் தடுக்கும் காவலர்களில் ஒன்று, எச்டிஎல் ('நல்ல கொலஸ்ட்ரால்') துகளில் ஒட்டிக்கொண்டு சுற்றும் பான்1 நொதி. இதோடு ரத்தக்குழாய்கள் இறுகுவது, ரத்த அழுத்தத்தின் கீழ் எண் ஏறுவது, துடிப்புக்குப் பின் இதயம் தளர்வதில் தாமதம், ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் உயர்வு என்று மற்ற வழிகளும் சேர்கின்றன.

ஆக, 'தைராய்டு குறைவு + பலவீனமான ஆன்டிஆக்ஸிடன்ட் மரபணு = கூடுதல் இதய ஆபத்து' என்ற எண்ணம் உயிரியலுக்கு விரோதமானதல்ல. அந்த எண்ணத்திலிருந்து ஒரு தனி மனிதருக்கு எண் போட்டுக் கொடுக்கும் இடத்தில்தான் தாவல் நடக்கிறது.

கிட்: இங்கே தவறு நடந்தால் பெரும்பாலும் நம் கையில்தான்

எச்சில் கொடுப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. பெரும்பாலான குழாய்களுக்கு 2 மில்லிலிட்டர் போதும். ஆனால் அந்த அளவுக்கோட்டை நுரை தொட்டால் கணக்கில்லை, திரவம் தொட வேண்டும். மாதிரி திருப்பி அனுப்பப்படுவதற்கு இந்த நுரைதான் முக்கியமான காரணம். மூடியில் அடைத்துள்ள பாதுகாப்புத் திரவம் முழுதாக உள்ளே இறங்கும்வரை மூடியை இறுக்கி, பிறகு 5 முதல் 10 விநாடி குலுக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள பாக்டீரியா வளர்ந்து மனித டிஎன்ஏவின் பங்கைக் குறைத்துவிடும்.

தைராய்டு நோயாளிகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஹஷிமோட்டோ (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயும் சேர்ந்து வாய் வறட்சி இருக்கும். அவர்கள் அவசரப்படாமல், கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தேய்த்துக்கொண்டு, 20 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் முடியாவிட்டால் கன்னத்து ஸ்வாப் கேட்டு வாங்குவது நல்லது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தக் கிட்டை வாங்கவே வேண்டாம். எச்சிலில் வெள்ளணுக்களும் இருக்கும். அவை தானம் கொடுத்தவரின் டிஎன்ஏவைக் கொண்டவை. முடிவு இரண்டு பேரின் கலவையாக வரும்.

ரிப்போர்ட்: மரபணு ஒவ்வொன்றாக

எஸ்ஓடி2. பெரும்பாலான ரிப்போர்ட்களில் முதல் பக்கத்தில் நிற்பது இதுதான். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும், மாங்கனீஸ் தேவைப்படும் நொதி. புரதத்தின் 16ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா வேலின் இருக்கிறதா என்பதே சோதனை. இந்த மரபணு மாற்றத்தின் அடையாள எண் ஆர்எஸ்4880. இந்த இடம் நொதியின் வேலை செய்யும் பகுதியில் இல்லை, அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் 'முகவரிச் சீட்டில்' இருக்கிறது. அலனின் வடிவம் சுலபமாக உள்ளே போய்விடும். வேலின் வடிவம் உள்சவ்வில் பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே சேரும் செயல்பாடு அலனின் வடிவத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் அதிகம்.

இதைப் படித்ததும் 'வேலின் கெட்டது, அலனின் நல்லது' என்று தோன்றும். பல ரிப்போர்ட்கள் அப்படியே சிவப்பு, பச்சை வண்ணம் பூசிவிடுகின்றன. இந்த வண்ணப்பூச்சுதான் இவ்வகை ரிப்போர்ட்களில் எங்களுக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிகிறது. எஸ்ஓடி2, சூப்பர் ஆக்ஸைடு என்ற வீரிய ஆக்ஸிஜன் வடிவை அழித்து அதன் இடத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உருவாக்குகிறது. அதை அடுத்த கட்டத்தில் கேட்டலேஸும் குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நொதி வேகமாகவும் இரண்டாவது மெதுவாகவும் இருந்தால் நடுவில் பெராக்ஸைடு தேங்கும். எனவே ஒரு நொதியின் நிறத்தைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. அடுத்த வரியில் வரும் ஜிபிஎக்ஸ்1 (குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸின் மரபணு) முடிவோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். அப்படிச் சேர்த்து விளக்கும் ரிப்போர்ட்கள் அரிது.

ஜிபிஎக்ஸ்1. புரோலின் லூசினாக மாறும் இடம். அடையாள எண் ஆர்எஸ்1050450. இதை 197, 198, 200 என்று மூன்று எண்களாலும் குறிப்பிடுவார்கள். மூன்றும் ஒரே மாற்றம்தான், எண்ணத் தொடங்கும் முறைதான் வேறு. இரண்டு ரிப்போர்ட்களை ஒப்பிடும்போது 'வேறு வேறு மாற்றம் வந்திருக்கிறதே' என்று குழம்ப வேண்டாம். லூசின் வடிவம் செயல்பாட்டில் சற்றுத் தாழ்வு என்று கருதப்படுகிறது. உடலில் செலினியம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சார்ந்தும் இந்த வித்தியாசம் மாறும். மரபணு மட்டும் பார்த்துச் செலினிய அளவைப் பார்க்காத ரிப்போர்ட், சமையல் குறிப்பைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்காதது போலத்தான்.

இந்த நொதி விஷயத்தில் ஒரு நல்ல சான்று உண்டு, அதை ரிப்போர்ட்கள் தவறாக மேற்கோள் காட்டுகின்றன. 2003ல் வெளியான ஆய்வில், இதயத் தமனி நோய் சந்தேகிக்கப்பட்ட 636 பேரின் சிவப்பணுக்களில் இந்த நொதியின் செயல்பாட்டை அளந்து, நடு அளவில் 4.7 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். செயல்பாடு மிக அதிகமாக இருந்த கால் பகுதியினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பகுதியினரோடு ஒப்பிட்டால், இதய நிகழ்வுகள் சுமார் 71 சதவீதம் குறைவு. கவனியுங்கள்: அளந்தது நொதியின் செயல்பாட்டை. மரபணு எழுத்தை வைத்து அந்த எண்ணைச் சொந்தம் கொண்டாட முடியாது.

பான்1. வழக்கமாக இரண்டு இடங்களைப் பார்ப்பார்கள்: 192ல் குளூட்டமினா அர்ஜினினா (ஆர்எஸ்662), 55ல் லூசினா மெத்தியோனினா (ஆர்எஸ்854560). 192ல் அர்ஜினின் இருந்தால் நொதி பாராக்ஸான் என்ற பூச்சிமருந்து நச்சை வேகமாகச் சிதைக்கும்; எல்டிஎல் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதில் குளூட்டமின் வடிவமே மேல் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. எதை வைத்துச் சோதிக்கிறோமோ அதற்கேற்பப் பதில் மாறும் நொதி இது. மேலும், ஒரே 192 வகை உள்ள இருவருக்கிடையிலேயே ரத்தத்தில் நொதியின் அளவு பத்து மடங்குக்கு மேல் வேறுபடலாம். உற்பத்தி அளவைத் தீர்மானிப்பதில் குறிப்பிடத்தக்க பங்கு மரபணுவின் முன்பகுதியில் உள்ள 108ஆம் இடத்துக்கு (ஆர்எஸ்705379) உண்டு. அதைச் சோதிக்காமல் 192ஐ மட்டும் சோதித்து 'பான்1 பலவீனம்' என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

இதய நோயோடு தொடர்பு? 2004ல் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், நோயாளிகள் மட்டும் 11,212 பேர். 192ல் அர்ஜினின் வடிவத்துக்கு ஒப்பீட்டு அபாயம் (மற்ற வடிவத்தோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்ற எண்; 1 என்றால் வித்தியாசமில்லை) 1.12. பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அது 1.05க்கு இறங்கி, தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்தது. சிறிய ஆய்வுகளில் பெரிதாகத் தெரிந்தது, பெரிய ஆய்வுகளில் கரைந்துவிட்டது. இந்தத் துறையின் பல முடிவுகளுக்கும் இதே கதிதான்.

கேட்டலேஸ். முன்பகுதியின் 262ஆம் இடம், ஆர்எஸ்1001179. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். ரிப்போர்ட்டில் எந்த நிறத்தில் இருந்தாலும் கடந்து போய்விடலாம்.

ஜிஎஸ்டிஎம்1, ஜிஎஸ்டிடி1. நச்சுப் பொருள்களைக் குளூட்டாதியோனோடு இணைத்து வெளியேற்ற உதவும் நொதிகளின் மரபணுக்கள். இங்கே பார்ப்பது எழுத்து மாற்றம் அல்ல. மரபணுவே முழுதாக இல்லாமல் போகும் வகை. ஐரோப்பியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜிஎஸ்டிஎம்1 கிடையாது. பாதி மக்களிடம் இருக்கும் ஒன்றை 'அபூர்வக் குறைபாடு' என்ற தொனியில் எழுதும் ரிப்போர்ட் வாசகரைப் பயமுறுத்துகிறது. தொழில்நுட்பத்திலும் ஒரு பொறி உண்டு. மரபணு இல்லை என்பதை, பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) அதற்குரிய பட்டை தோன்றாததைக் கொண்டுதான் பல லேப்கள் முடிவு செய்கின்றன. ஆனால் டிஎன்ஏ சிதைந்திருந்தாலும் பட்டை தோன்றாது. அதே குழாயில் கட்டாயம் தோன்ற வேண்டிய இன்னொரு மரபணுவை (பீட்டா குளோபின் அல்லது அல்புமின்) சேர்த்து ஓட்டினார்களா என்று கேளுங்கள். அது இல்லாமல் 'இல்லை' என்று வரும் முடிவுக்கு மதிப்பில்லை. சாதாரண முறையில் ஒரு பிரதி இருப்பவருக்கும் இரண்டு பிரதி இருப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எஸ்ஓடி3. எஸ்ஓடி2ன் உறவு நொதி, செல்லுக்கு வெளியே வேலை செய்வது. பேனலில் இது இருந்தால் ஒரு நல்ல குறி. 213ஆம் இடத்தில் அர்ஜினின் கிளைசினாக மாறினால் (ஆர்எஸ்1799895) நொதி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் பிளாஸ்மாவில் மிதந்துவிடும். ரத்தத்தில் அளவு சுமார் பத்து மடங்கு ஏறியிருக்கும், ஆனால் தேவையான இடத்தில் இருக்காது. கோபன்ஹேகன் மக்கள்தொகை ஆய்வு 2004ல் இதை இதயத் தமனி நோயோடு தொடர்புபடுத்தியது. 'ரத்தத்தில் நொதி அதிகம், அதனால் பாதுகாப்பும் அதிகம்' என்ற எளிய கணக்கு எப்படிப் பொய்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

எழுத்துகள் தலைகீழாக வரும் இடம்

மூலத் தரவைத் தரவிறக்கிச் சொந்தமாகப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதி. டிஎன்ஏ இரட்டை இழை: ஒன்றில் ஏ இருந்தால் எதிரில் டி, சி இருந்தால் எதிரில் ஜி. எஸ்ஓடி2, ஜிபிஎக்ஸ்1, பான்1 மூன்றும் குரோமோசோமில் எதிர் இழையில் எழுதப்பட்டவை. ஆய்வுக் கட்டுரை மரபணு வாசிக்கப்படும் திசையில் எழுத்தைச் சொல்லும். பல தரவுக் கோப்புகள் நேர் இழையில் சொல்லும். எஸ்ஓடி2க்கு, கட்டுரையில் 'சி' என்றால் அலனின், 'டி' என்றால் வேலின். நேர் இழைக் கோப்பில் அதுவே 'ஜி' அலனின், 'ஏ' வேலின். எழுத்து வேறாக இருப்பதால் இங்கே குழப்பம் உடனே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம்.

பான்1ன் 55ஆம் இடம் அப்படியில்லை. அங்கே மாற்றம் 'ஏ'வுக்கும் 'டி'க்கும் இடையே. எதிர் இழையில் ஏ டியாகும், டி ஏயாகும். இழை மாறினாலும் எழுத்துகள் அதே இரண்டுதான், தவறு கண்ணில் படவே படாது. லூசின் உள்ளவருக்கு மெத்தியோனின் என்றும், மெத்தியோனின் உள்ளவருக்கு லூசின் என்றும் ரிப்போர்ட் போய்விடும். கோப்பின் தலைப்பில் எந்த இழை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த ஒரு முடிவை ஒதுக்கிவையுங்கள்.

அபாய மதிப்பெண்

பெரும்பாலான மதிப்பெண்கள் 'கெட்ட' எழுத்துகளை எண்ணி, சம எடை கொடுத்துக் கூட்டியவை. எஸ்ஓடி2, கேட்டலேஸ், ஜிபிஎக்ஸ்1, பான்1ன் இரண்டு இடங்கள் என ஐந்துக்கும் மூன்று மூன்று வகை. ஜிஎஸ்டி மரபணுக்கள் இரண்டுக்கும் இரண்டு இரண்டு வகை. மொத்தச் சேர்க்கைகள் 243ஐ 4ஆல் பெருக்கினால் 972. தைராய்டு குறைவு உள்ளவர்களிடம் இந்த மரபணுக்களைப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. 200 பேர் கொண்ட ஆய்வு என்றால் ஒரு சேர்க்கைக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்கமாட்டார். அதோடு 20 ஒப்பீடுகள் செய்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 5 சதவீத அளவுகோலில் ஒன்றாவது தற்செயலாகத் 'தேறிவிடும்' என்று எதிர்பார்க்க வேண்டும். அந்த ஒன்றுதான் விளம்பரத்தில் இடம் பிடிக்கிறது.

லட்சக்கணக்கானோரின் முழு மரபணுத் தொகுதியை அலசிய ஆய்வுகளில் இதயத் தமனி நோய்க்கு முன்வரிசையில் வந்தவை 9பி21 என்ற குரோமோசோம் பகுதி, எல்பிஏ, எல்டிஎல் ஏற்பி, பிசிஎஸ்கே9, ஏபிஓஇ போன்ற மரபணுக்கள். இந்தப் பேனல்கள் அவற்றை விட்டுவிட்டு ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளை மட்டும் வைத்து 'இதய அபாயம்' என்று தலைப்பிடுகின்றன.

எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தால் நிலைமை புரியும். ஒருவரின் பத்தாண்டு இதய அபாயம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பான்1 எழுத்து, 1.05 உண்மையாகவே இருந்தாலும், அதை 10.5 ஆக்கும். 2010ல் 55,287 பேரைத் தொகுத்த ஆய்வில், அறிகுறி வெளியே தெரியாத தைராய்டு குறைவில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறையும்போது இது ஏறும்) 10 முதல் 19.9 வரை இருந்தவர்களுக்கு இதயத் தமனி நிகழ்வுகளின் ஒப்பீட்டு அபாயம் 1.89. எல்டிஎல் கொலஸ்ட்ராலை ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைப்பு மருந்தால் டெசிலிட்டருக்குச் சுமார் 39 மி.கி. குறைத்தால் பெரிய ரத்தக்குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. ரிப்போர்ட்டின் சிவப்புப் பக்கத்தைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர், டிஎஸ்ஹெச் 14ல் இருக்கும்போது தைராய்டு மாத்திரையை இடையிடையே விட்டுச் சாப்பிடுபவராகவும் இருந்தால், அவருடைய கவலை தவறான பக்கத்தில் செலவாகிறது.

மாத்திரைப் பரிந்துரை

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் வைட்டமின் இ, செலினியம், பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) கலந்த 'ஆன்டிஆக்ஸிடன்ட் காம்ப்ளெக்ஸ்' இருக்கும். சில நேரம் அதே நிறுவனமே விற்கும். இங்கே எங்கள் கருத்தில் சிறிதும் தயக்கமில்லை: வாங்காதீர்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் வைட்டமின்கள் இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை பெரிய சோதனைகளில் தோற்றது. 2002ல் முடிவு வெளியான ஹார்ட் புரொடெக்ஷன் ஆய்வில் 20,536 பேர். தினம் 600 மி.கி. வைட்டமின் இ, 250 மி.கி. வைட்டமின் சி, 20 மி.கி. பீட்டா கரோட்டின். இதய நோயில் எந்தப் பலனும் இல்லை. அதே ஆய்வில் ஸ்டாட்டின் தெளிவாகப் பலன் தந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது. செலக்ட் என்ற இன்னொரு பெரிய ஆய்வில் 400 யூனிட் வைட்டமின் இ புராஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியது.

செலினியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், தைராய்டு நோயாளிகளிடம் அது மிகவும் விற்பதால். பெரியவர்களுக்குத் தினத் தேவை சுமார் 55 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் பாதுகாப்பான மேல் எல்லையை 255 மைக்ரோகிராம் என்று இறக்கியது. கடையில் கிடைக்கும் ஒரு மாத்திரையே 200. உணவிலிருந்து வருவதோடு அது சேரும். அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். இவை தைராய்டு குறைவின் அறிகுறிகளும் ஆனதால், 'இன்னும் சரியாகவில்லை' என்று நினைத்துச் செலினியத்தை மேலும் ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. ஹஷிமோட்டோவில் ஆன்டிபாடி அளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. தைராக்ஸின் மாத்திரையின் தேவையை அது குறைத்துவிடும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

எல்லாவற்றையும்விடத் தந்திரமானது பயோட்டின். பல லேப்களின் டிஎஸ்ஹெச் சோதனை பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தோடு பிணைவதை நம்பி நடக்கிறது. 5 அல்லது 10 மி.கி. பயோட்டின் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டலாம். மருத்துவர் 'மருந்து அதிகமாகிவிட்டது' என்று தைராக்ஸினைக் குறைப்பார். உண்மையில் குறைவாக இருந்த ஹார்மோன் இன்னும் குறையும், எல்டிஎல் ஏறும். இதயத்தைக் காப்பாற்ற வாங்கிய மாத்திரை இப்படி இதயத்துக்கு எதிராகவே வேலை செய்துவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். மிக அதிக அளவு எடுப்பவர்கள் இன்னும் கூடுதல் நாள். 'முடி வளர' என்று விற்கும் மாத்திரைகளிலும் இது இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

காம்ப்ளெக்ஸில் இரும்பு, கால்சியம் இருந்தால் இன்னொரு தொல்லை. அவை தைராக்ஸினைக் குடலில் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும்.

நொதியையே அளந்து பார்க்கலாமா?

மரபணுவைவிடச் செயல்பாட்டை அளப்பது மேல் என்று மேலே சொன்னோம். சில லேப்கள் அதையும் விலை உயர்ந்த பேக்கேஜில் சேர்க்கின்றன. ஆனால் ரத்தம் எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பான்1க்குக் கால்சியம் உயிர். ஊதா மூடிக் குழாயில் உள்ள இடிடிஏ கால்சியத்தைப் பிடித்து நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். சீரம் அல்லது ஹெப்பாரின் குழாய்தான் சரி. கேட்டலேஸும், எஸ்ஓடி1 என்ற இன்னொரு எஸ்ஓடி நொதியும் சிவப்பணுவுக்குள் ஏராளம். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் சீரத்தில் பொய்யாக உயரும். மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த முடிவு வேண்டாம். சிவப்பணு ஜிபிஎக்ஸ், அணுவின் ஆயுள் 120 நாள் என்பதால், கடந்த சில மாதங்களின் செலினிய நிலையைக் காட்டும். நேற்று சாப்பிட்டது அதில் தெரியாது. எம்டிஏ என்ற கொழுப்புச் சிதைவு அளவை வழக்கமான டிபிஏ முறையில் அளந்தால் வேறு பல பொருள்களும் அதே நிறம் கொடுக்கும். ஒரே லேபில், ஒரே முறையில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் என்று ஒப்பிடத்தான் இவை உதவும். தனி எண்ணாகப் பொருளில்லை.

அதே முயற்சியை எங்கே செலவிடலாம்

டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4, லிப்பிட் புரொஃபைல், ரத்த அழுத்தம், சர்க்கரை. மாத்திரை அளவு மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறு சோதனை. தைராக்ஸினின் அரை ஆயுள் சுமார் 7 நாள் என்பதால் அதற்கு முன் பார்ப்பது அவசரம். வெறும் வயிற்றில், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு மாத்திரை. காபியோடு சேர்த்து விழுங்கினால் உறிஞ்சுவது குறையும். எல்டிஎல் 190ஐத் தாண்டினால், பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். ஹார்மோன் சரியானபின் மறுபடி அளக்க வேண்டும். தைராய்டு சரியாகாத நிலையில் ஸ்டாட்டின் தொடங்கினால் தசை வலி, தசைச் சேதம் வரும் வாய்ப்பு கூடும். ஏற்கெனவே இதய நோய் இருப்பவருக்குத் தைராக்ஸினை 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். டிஎஸ்ஹெச்சை அளவுக்கு மீறி அழுத்திவிட்டால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு வரும் அபாயம், வயதானவர்களுக்குக் குறிப்பாக.

மரபு சார்ந்த ஒரு சோதனை வேண்டும் என்றால் லிப்போபுரோட்டீன்(ஏ) (எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள்) கேளுங்கள். பெரும்பாலும் மரபாலேயே தீர்மானிக்கப்படும் அளவு. பொதுவாக வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் என்றால் அதிகம். தைராய்டு குறைவிலும் சற்று உயரலாம் என்பதால் டிஎஸ்ஹெச் சரியான பிறகு எடுப்பது நல்லது.

பேனலை வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் இரண்டு சேர்க்கைகள் இருக்கிறதா பாருங்கள். ஒன்று எஸ்எல்சிஓ1பி1 மரபணுவின் ஆர்எஸ்4149056: சிம்வாஸ்டாட்டின் எடுக்கும்போது தசைச் சேதம் வரும் வாய்ப்பை இது உண்மையாகவே காட்டும், மருத்துவர் ஸ்டாட்டினைத் தேர்ந்தெடுக்க உதவும். மற்றொன்று, மேலே சொன்ன டியோடினேஸ் நொதிகளில் ஒன்றின் மரபணுவான டிஐஓ2ன் ஆர்எஸ்225014. தைராக்ஸின் மட்டும் எடுத்து டிஎஸ்ஹெச் சரியான பிறகும் சோர்வு தீராதவர்களில், டி3 சேர்த்துக் கொடுப்பது பலன் தருமா என்ற விவாதத்தோடு இது தொடர்புடையது. 2009 ஆய்வு ஒன்று அப்படிக் காட்டியது, ஆனால் அதை மட்டும் வைத்து மருந்தை மாற்றுவது வழக்கத்தில் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் போதும். மூலத் தரவு கோப்பாகக் கிடைக்குமா? எந்த இழை என்று எழுதித் தருவீர்களா? ஜிஎஸ்டி சோதனையில் கட்டுப்பாட்டு மரபணு ஓட்டுகிறீர்களா? மாதிரியையும் தரவையும் அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா? நான்கிலும் நேரான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ரிப்போர்ட் கையில் இருக்கிறதென்றால், மதிப்பெண் பக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, எஸ்எல்சிஓ1பி1 வரியையும் கடைசியாக எடுத்த டிஎஸ்ஹெச், எல்டிஎல் முடிவுகளையும், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பட்டியலில் பயோட்டின் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.